இல்லாமையும் இல்லறமும்

'இல்' என்பது தமிழிலுள்ள மிகச் சிறிய சொற்களுள் ஒன்று. அதற்கு வீடு என்றும் பொருள் உண்டு. இன்மை என்றும் பொருள் உண்டு. ஒரே ஒலி இவ்விரண்டு பொருளையும் தாங்கி நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், வீட்டையும் இன்மையையும் ஒருங்கே வைத்து எண்ண வேண்டிய காலம் ஒன்று நம் நாட்டுக்கு வந்தது. பல வீடுகளிலிருந்து அது இன்னும் முற்றாக நீங்கினபாடில்லை.

2022 ஆம் ஆண்டை இலங்கை மக்கள் எளிதில் மறவார். அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் உலகுக்கு அறிவித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த ஓர் அமெரிக்க டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களைத் தனியே எடுத்து நோக்கினால் 94.9 வீதம். அஃதாவது, முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பண்டத்துக்கு இப்பொழுது ஏறக்குறைய 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது.

சம்பளம் அவ்வாறு உயரவில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளர் நெடுநாட் போராடி, 2021 இல் 1,000 ரூபா நாட்சம்பளத்தைப் பெற்றனர். அந்த ஆயிரம் ரூபாவின் வலுவில் ஏறக்குறையப் பாதியை அடுத்த ஆண்டின் உணவு விலை விழுங்கிவிட்டது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2021 இல் நூற்றுக்குப் 13 பேர் அளவில் இருந்த வறியோர் தொகை 2022 இல் நூற்றுக்கு 25 ஆக உயர்ந்தது. அவ்வாண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடிப் பிறநாடு சென்றனர். அவர்களுள் எத்தனையோ பேர் தந்தையர். எத்தனையோ பேர் தாய்மார்.

இவை நாட்டின் கணக்கு. வீட்டின் கணக்கு வேறு. ஒரே ஒழுங்கையில், ஒரே வருவாயில் வாழ்ந்த இரு குடும்பங்களுள் ஒன்று அந்தச் சுழலில் அகப்பட்டும் கரையேறிற்று. மற்றொன்று உடைந்து போயிற்று. இரு வீட்டிலும் விலைவாசி ஒன்றே. இரு வீட்டிலும் சுவாமி படம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கும் உண்டு. அவ்வாறாயின் ஒரு வீட்டைத் தாங்கியது எது, மற்றதை உடைத்தது எது என்ற கேள்வி எழுகின்றது. இந்தக் கேள்விக்கு நம் சமய நூல்களில் விடை தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறுமை நுழையும் வழி

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கணவன் முச்சக்கர வண்டி ஓட்டுபவன். மனைவி வீட்டில் இருப்பவள். மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றாள், மகன் சிறியவன். எரிபொருள் கிடையாத மாதங்களில் வண்டி வாசலிலே நிற்கின்றது. அதற்குரிய மாதத் தவணையோ நிற்பதில்லை. கணவன் என்ன செய்கின்றான்? மனைவி கலங்குவாளே என்று எண்ணி, அவளுக்குத் தெரியாமல் மீற்றர் வட்டிக்குப் பணம் வாங்குகின்றான். மனைவி என்ன செய்கின்றாள்? மகளின் ரியூசன் கட்டணத்தைக் கேட்டால் அவர் மனம் வருந்துமே என்று எண்ணி, அவனுக்குத் தெரியாமல் ஒரு சோடி காப்பை அடைவு வைக்கின்றாள். பின்பு அதற்கு வட்டி கட்டுவதற்காக அயற்பெண்களோடு குழுவாகச் சேர்ந்து, வாரத்தவணை நுண்கடன் ஒன்றையும் பெறுகின்றாள்.

இருவரும் அன்பினாலேயே இதனைச் செய்தனர். அடைவு வைத்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டே செல்கின்றது. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் தன் கடன் வட்டி வீதத்தை ஒரே முறையில் 7.5 இலிருந்து 14.5 ஆக உயர்த்தியபின், நாட்டில் எல்லாக் கடனுக்கும் வட்டி ஏறிற்று. தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். நுண்கடன் தவணை தவறினாலோ, குழுவிலுள்ள மற்றப் பெண்கள் அதற்குப் பொறுப்பாவர். அவர்கள் முகங்கொடாமற் போவர். ஒருநாள் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் புறப்படுகையில், "காப்பைப் போட்டுக்கொண்டு வா" என்கின்றான் கணவன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் வெளிப்பட்டுவிடுகின்றது. அவளுடைய கடனை அவன் அறிகின்றான். மறுநாள் அவனுடைய கடனை அவள் அறிகின்றாள்.

அன்றிரவு அவ்வீட்டில் எழும் சச்சரவைக் கூர்ந்து கேளுங்கள். "ஏன் பணமில்லை?" என்ற கேள்வி அங்கே இல்லை. "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்பதே இருவர் கேள்வியும். அரிசி குறைந்தபோது உடையாத வீடு, நம்பிக்கை குறைந்தபோது உடைகின்றது. அதன்பின் மதுவும், கைநீட்டலும், பிள்ளையின் படிப்பு நிறுத்தமும், ஒருவர் கடல் கடந்து போதலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வறுமை வாசல் வழியாக வந்தாலும், மறைப்பு என்னும் கோடிப்புறத்து வழியாகவே உள்வீட்டினுள் நுழைகின்றது என்பது இதனாற் புலனாகும்.

இது ஓரிரு வீட்டின் கதையன்று. நுண்கடன் சுமை பெருகியதன் விளைவாக, 2018 ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் வழங்குவதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. 2022 இன் நெருக்கடி, ஏற்கெனவே கடனில் நின்ற குடும்பங்களின் மேலேயே வந்து விழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

வள்ளுவர் காட்டும் இருவகை வறுமை

திருவள்ளுவர் வறுமையை ஒருபோதும் புகழ்ந்தாரல்லர். 'நல்குரவு' என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதன் கொடுமையைப் பத்துக் குறளிலும் கூறினார். அவற்றுள் ஒன்றில், அறத்தோடு பொருந்தாத வறுமை வந்தவனை, பெற்ற தாயும் அயலானைப் போல நோக்குவாள் என்கின்றார். வறுமை என்று வாளா கூறாமல், அறத்தோடு பொருந்தாத வறுமை என்று அடைகொடுத்துக் கூறியதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அறத்தோடு பொருந்திய வறுமையும் உண்டு என்பது அதனாற் பெறப்படுகின்றது. தாயையும் மகனையும் பிரிப்பது வெறுங்கை அன்று. அறம் நீங்கிய வெறுங்கையே.

இல்வாழ்க்கையில் அந்த அறம் யாது? 'வாழ்க்கைத் துணைநலம்' என்னும் அதிகாரத்தின் முதற்குறள் இதற்கு வழிகாட்டுகின்றது. மனைக்கேற்ற நற்குணத்தோடு, தன்னைக் கொண்டவனுடைய வளத்துக்குத் தக்கவாறு வாழ்பவளே வாழ்க்கைத் துணை என்பது அதன் கருத்து. இக்குறளை மனைவிக்குக் கூறிய அறிவுரையாகவே மேடைகளிற் பேசி வருகின்றோம். அதனுள் கணவனுக்குரிய கடமையொன்றும் அடங்கியிருக்கின்றது. வளம் இன்னதென்று அறியாதவள் வளத்துக்குத் தக வாழ்வது எங்ஙனம்? வருவாயை மறைத்துவிட்டுச் சிக்கனத்தை எதிர்பார்ப்பது நியாயமாகுமா? வீட்டுக்கு வருவது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதை இருவரும் அறிந்திருத்தலே அக்குறள் வேண்டும் முதல் நிபந்தனையாகும்.

'வலியறிதல்' அதிகாரத்திலும் ஒரு குறள் உண்டு. வரும் வழி சிறிதாயினும், போகும் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது அதன் பொருள். அரசனுக்குக் கூறப்பட்டதாயினும் அது அடுக்களைக்கும் பொருந்தும். போகும் வழிகளை ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் அவற்றை அடைக்க முடியாது.

இளையான்குடியில் ஓர் இரவு

சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தில் வறுமைப்பட்ட இல்லங்கள் பல உள. அவற்றுள் இளையான்குடி மாறனார் இல்லத்தைச் சிறுவர்களும் அறிவர். நாவலர் பெருமான் 1852 இல் பெரியபுராணத்தை வசனநடையில் அச்சிட்டு வெளியிட்ட நாள் முதல், ஈழத்துச் சைவ வீடுகளில் இக்கதை வாசிக்கப்பட்டு வருகின்றது.

மாறனார் பெருஞ்செல்வராய் இருந்து, அடியார்களுக்கு அமுதளித்து வந்தவர். செல்வம் மெல்ல மெல்லச் சுருங்கிற்று. உள்ளவற்றை விற்றும் கடன்பட்டும் அவர் தம் தொண்டை விடவில்லை. ஒரு மழைக்கால இரவில், வீட்டில் ஒன்றுமில்லாத வேளையில், ஓர் அடியார் நனைந்துகொண்டு வந்தார். மாறனார் செய்தது யாது? மனைவியாரிடம் சென்று, என்ன செய்யலாம் என்று கேட்டார். அம்மையார் மறைக்காமல் உரைத்தார். வீட்டில் ஒன்றுமில்லை, அயலவர் இனித் தரமாட்டார், பொழுதும் கடந்துவிட்டது, ஆயினும் பகலில் வயலில் விதைத்த நெல் இருக்கின்றது, அதனை வாரிக்கொண்டு வந்தால் இயன்றவாறு சமைக்கலாம் என்றார்.

மாறனார் கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, இருளிலே காலால் வழி தடவிச் சென்று, நீரில் மிதந்த முளைநெல்லை வாரி வந்தார். விறகில்லை என்று அம்மையார் கூற, கூரையின் கழிகளை அறுத்துக் கொடுத்தார். கறிக்கு வழியில்லை என்று கூற, கொல்லையில் முளைத்திருந்த சிறு கீரைகளைப் பறித்து வந்தார். அம்மையார் அந்த ஒரு கீரையையே பலவகைக் கறியாகச் சமைத்தார். விருந்தாக வந்தவர் சோதியாய்த் தோன்றினார் என்பது கதையின் முடிவு.

இக்கதையை விருந்தோம்பலுக்கு எடுத்துக்காட்டாகவே நாம் சொல்லி வருகின்றோம். இல்லறத்துக்கும் இதுவே சிறந்த எடுத்துக்காட்டு. "இல்லை" என்ற சொல் அவ்விரவில் அவ்வீட்டில் பலமுறை ஒலித்தது. நெல் இல்லை, விறகு இல்லை, கறி இல்லை. ஒருமுறையாவது அது குற்றச்சாட்டாக ஒலிக்கவில்லை. அயலில் இனிக் கடன் கிடைக்காது என்பதை அம்மையார் அறிந்திருந்தார். விதைநெல் எங்கே கிடக்கின்றது என்பதையும் அறிந்திருந்தார். வீட்டின் வரவும் கடனும் அவருக்குத் தெரிந்திருந்தமையினாலேயே ஆலோசனை கூற அவரால் முடிந்தது. யோசனை மனைவியாருடையது; உழைப்பு இருவருடையது. வறுமை அவ்வீட்டினுள் வந்தும், இருவருக்கும் நடுவில் வர முடியவில்லை.

கலயனார் வீட்டுத் தாலி

திருக்கடவூர்க் குங்கிலியக் கலயனார் கதை சற்று வேறானது. வாசகர்களுட் சிலருக்கு அது உறுத்தவும் கூடும். கோயிலிற் குங்கிலியத் தூபமிடும் தொண்டு பூண்டவர் அவர். நிலமும் உடைமையும் போய், பிள்ளைகளும் சுற்றமும் பசித்திருந்த வேளையில், மனைவியார் தம் தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வரும்படி சொன்னார். வழியிலே குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகன் எதிர்ப்பட்டான். கலயனார் தாலியைக் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டு கோயிலிலே தங்கிவிட்டார். மனைவியும் மக்களும் அன்றிரவு பசியோடு உறங்கினர்.

இதைப் படித்துவிட்டு, வீட்டைப் பட்டினி போட்டுவிட்டுக் கோயிலுக்குச் செலவிடலாம் என்று எவரேனும் எண்ணுவாராயின், அவர் கதையைப் பாதியில் மூடி வைத்தவராவர். பின்பு நடந்ததைப் பாருங்கள். இறைவன் அன்றிரவு மனைவியாருக்கே முதலிற் கனவில் தோன்றி உணர்த்தினார். அவர் விழித்தெழுந்து, வீடு நெல்லாலும் பொன்னாலும் நிறைந்திருக்கக் கண்டார். அதன் பின்னரே கோயிலில் இருந்த கலயனாருக்கு, வீட்டுக்குப் போய்ப் பாலோடு சோறுண்டு பசி நீங்குவாயாக என்று ஆணை பிறந்தது. பசித்த வீட்டை இறைவன் மறக்கவில்லை. தன் தொண்டனைத் தன் சந்நிதியிலிருந்து அடுக்களைக்கே அனுப்பி வைத்தான்.

நம்பிக்கை வழி தவறும் இடங்கள்

வறுமைக் காலத்தில் மனிதருக்குத் தெய்வ நினைவு மிகுவது இயல்பு. அது நன்றே. ஆயினும் அந்த நினைவு வழி தவறும் இடங்கள் மூன்று உள.

முதலாவது நேர்த்திக்கடன். துன்பத்திலே வேண்டுதல் செய்கின்றோம். அதனை நிறைவேற்றப் புதிதாகக் கடன்படுகின்றோம். ஊரார் பார்க்கச் செய்யும் பெரிய பூசை, கடன் வாங்கி எடுக்கும் காவடி விருந்து, அயல்வீட்டாருக்குக் குறையாத உபயம் ஆகிய இவற்றுள் பல, தெய்வத்துக்காக அன்றி ஊருக்காகச் செய்யப்படுபவை. பச்சிலையும் தூய நீரும் இட்டு வணங்கலாம் என்று நம் சமயம் கூறும்போது, வட்டிப் பணத்தில் வாங்கிய பட்டு எதற்கு?

இரண்டாவது ஊழ்வினை. நம் துன்பத்தைப் பொறுக்க நமக்கு அது உதவுமாயின் நன்று. பிறர் துன்பத்தைக் கண்டு, "அது அவர்கள் வினை" என்று கூறிக் கதவைச் சாத்த அதைப் பயன்படுத்துவது பாவமாகும். 1870 களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, வினைக் கொள்கையை நம்மெல்லாரிலும் நன்கு அறிந்தவரான ஆறுமுக நாவலர் செய்தது என்ன? வினையைப் பற்றிப் பிரசங்கித்து அமையாது, பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார்.

மூன்றாவது பொறுமை. பொறுமை நற்குணமே. ஆயினும், பணமுடையால் வெறிகொண்டு மனைவியையும் மக்களையும் அடிப்பவனின் வீட்டில், "பொறுத்துப் போ அம்மா, எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும் பெரியவர்கள், கடவுள்மேற் பழியைப் போட்டுத் தம் கடமையைத் தட்டிக் கழிக்கின்றவர்களாவர். அடியைத் தடுப்பதும், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடம் கொடுப்பதும் சுற்றத்தாரின் அறம். உயிருக்கு அஞ்சி வாழும் வீடு, வெளியே எவ்வளவு ஒற்றுமையாகத் தோன்றினாலும், குடும்பமாகாது.

உழைத்துப் பெற்ற காசு

இறைவன் தருவான் என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா என்பதற்கும் பெரியபுராணம் விடை கூறுகின்றது. பஞ்சம் வந்தபோது, திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் அடியாரோடு தங்கியிருந்தனர். இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு படியாக அளித்தார். சம்பந்தருக்குக் கிடைத்த காசு வாசியுடையது. கடையில் மாற்றும்போது வட்டம் குறைந்தது. அப்பருக்குக் கிடைத்ததோ வாசியில்லாத முழுக்காசு. சம்பந்தர் இறைவனுக்கு மகனார். அப்பரோ உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்று சேக்கிழார் காரணம் கூறுகின்றார். பிள்ளை என்ற உரிமையால் வந்த காசிலும், கை உழைத்து வந்த காசுக்கு மதிப்பு மிகுதி என்பதை இதனினும் அழகாகச் சொல்ல இயலாது.

ஆகவே, வீட்டுத் தோட்டத்தில் முருங்கையும் மரவள்ளியும் நடுபவரும், தையல் இயந்திரத்தின் முன் நள்ளிரவு வரை இருப்பவரும், வேலை இழந்தபின் கிடைத்த கூலிக்கு வெட்கமின்றிச் செல்பவரும் நம்பிக்கை குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய நம்பிக்கையே கைவழியாகச் செயற்படுகின்றது.

பிற சமயங்களிலும் இதே நெறி

இந்நெறி சைவர்க்கு மட்டும் உரியதன்று. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், கடன்காரன் தன் இரு மகன்மாரையும் அடிமைகளாக்க வருகின்றான் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் முறையிட்ட ஒரு கைம்பெண்ணின் வரலாறு உண்டு. தீர்க்கதரிசி அவளிடம், வீட்டில் என்ன இருக்கின்றது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் தவிர வேறொன்றுமில்லை என்று அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, மகன்மாரையும் கூட வைத்துக்கொண்டு எண்ணெயை வார்க்கும்படி அவர் பணித்தார். எண்ணெய் பெருகிற்று. அதனை விற்று முதலில் கடனை அடைத்து, மிஞ்சியதைக் கொண்டு வாழுமாறு கூறினார். உள்ளதைச் சொல்லுதல், அயலாரிடம் தயங்காமற் கேட்டல், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுதல், கடனை முதலில் அடைத்தல் ஆகிய நான்கும் அச்சிறு வரலாற்றில் அடங்கியுள்ளன.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியதே. தவணை குறித்துக் கடன் கொடுத்தாலும் வாங்கினாலும், அதனைச் சாட்சிகளோடு எழுதி வைக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகின்றது. அதற்குச் சற்று முன்னரே, கடன்பட்டவன் இடுக்கணில் இருந்தால் அவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்ற கட்டளையும் உண்டு. கணக்கை மறைக்காதே, கடன்பட்டவனை நெருக்காதே. இரண்டும் சேர்ந்தே அறமாகின்றன.

ஊரின் கடமை

வீட்டை வீடு மட்டும் காப்பாற்ற இயலாது. சுந்தரமூர்த்தி நாயனார் குண்டையூரிற் பெற்ற நெல்மலை திருவாரூருக்கு வந்து, வீதியெங்கும் நிறைந்தபோது, பரவையார் அதனைத் தம் களஞ்சியத்தில் மட்டும் சேர்த்து வைக்கவில்லை. அவரவர் வாசலின் முன்னுள்ள நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளும்படி பறை சாற்றுவித்தார். அங்கே எவரும் கை நீட்டி இரக்க வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பெறுவோரின் மானம் காத்துக் கொடுப்பதே அக்கொடையின் சிறப்பு.

நம் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இதனைச் செய்யலாம். நெருக்கடி நாட்களிற் செய்தனவும் உண்டு. திருவிழாவில் ஒரு நாள் வாண வேடிக்கைச் செலவு, பல பிள்ளைகளின் ஓராண்டுக் கொப்பிச் செலவுக்குப் போதும். அடைவில் மூழ்கவிருக்கும் ஒரு தாலிக்கொடியை மீட்க வட்டியில்லாக் கைமாற்று ஒன்று கிடைக்குமாயின், ஒரு வீடு தப்பும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் இருந்தது. அதனை இன்றும் தொடங்கலாம்.

உதவி பெறத் தகுதியுடையோரும் வெட்கப்படலாகாது. 2023 இல் தொடங்கப்பெற்ற அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க, "ஊர் என்ன சொல்லும்" என்று தயங்கியிருந்த குடும்பங்கள் இருக்கக்கூடும். ஊர் சொல்வதைக் கேட்டுப் பிள்ளையைப் பசியோடு பாடசாலைக்கு அனுப்புவது மானமன்று.

வெள்ளிக்கிழமை ஒரு நாழிகை

இவற்றையெல்லாம் நடைமுறையிற் கொண்டுவருவது எவ்வாறு? எளிய வழியொன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, வழிபாடு முடிந்தபின் கணவனும் மனைவியும் ஒரு நாழிகை ஒன்றாக அமருங்கள். ஒரு கொப்பியை எடுத்து, வந்தது, போனது, கொடுக்க வேண்டியது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கடைக்காரனின் கடன் கொப்பி, அடைவுச் சீட்டு, தவணைப் புத்தகம் யாவும் அங்கே வரட்டும். இறைவன் திருமுன்னிலையில் பொய் சொல்வது அரிது. குரலை உயர்த்துவதும் அரிது. வழிபாட்டின் பின் அமரச் சொல்வது இதன்பொருட்டே.

முதல் நாள் கடினமாகவே இருக்கும். மறைத்து வைத்த ஒன்று வெளிப்படலாம். அப்பொழுது "ஏன் செய்தாய்?" என்று கேட்பதை ஒத்திவைத்து, "இனி என்ன செய்வோம்?" என்று கேளுங்கள். இளையான்குடியில் அவ்விரவு கேட்கப்பட்டது அந்தக் கேள்விதான். வட்டி மிகுந்த கடன் எது என்று பார்த்து, அதை முதலில் அடைக்க வழி தேடுங்கள். ஒரு கடனை அடைக்க அதனிலும் கூடிய வட்டிக்கு மற்றொரு கடன் வாங்குவதில்லை என்று இருவரும் உறுதி செய்யுங்கள்.

பிள்ளைகளை என்ன செய்வது? அவர்கள் அறியார் என்று நாம் எண்ணுகின்றோம், அவர்கள் அறிவர். அறைக்கதவின் பின் எழும் மெல்லிய குரல்களைக் கேட்டுக்கொண்டு, தம்மால்தான் இந்தத் துன்பம் வந்ததோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலர். வயதுக்குத் தக்கவாறு உண்மையைச் சொல்லுங்கள். "இந்த ஆண்டு புதுச் சப்பாத்து இல்லை, ஆனால் உன் படிப்பு நிற்காது" என்ற ஒரு சொல் அவர்களுக்குப் பெரும் பலம். மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பெற்றோர் தங்கள் இல்லாமையை உங்களிடம் சொன்னார்களாயின், உங்களைப் பெரியவர்களாக மதித்தார்கள் என்று கொள்ளுங்கள்.

நம் தேசவழமைச் சட்டத்தில் 'தேடியதேட்டம்' என்றொரு சொல் உண்டு. இல்லறக் காலத்தில் தேடிய பொருளை அது குறிக்கும். தேடிய பொருளுக்குப் பெயர் வைத்த நம் முன்னோர், தேடிய கடனுக்கு அவ்வாறு ஒரு பெயர் வைத்ததாகத் தோன்றவில்லை. அதனையும் இருவருக்கும் பொதுவென்று கொள்ளும் வீடுகள் தளர்ந்தாலும் விழமாட்டா. தமிழிற் 'கடன்' என்ற சொல்லுக்குக் கொடுக்க வேண்டிய பணம் என்பதோடு கடமை என்ற பொருளும் உண்டு. பணக் கடனை அடைக்க ஆண்டுகள் செல்லலாம். ஒருவருக்கொருவர் உண்மை கூறும் கடனையோ இன்றிரவே செலுத்தத் தொடங்கலாம். அதற்கு வட்டியுமில்லை, ஈடுமில்லை. அவரவர் வழிபடும் தெய்வம் அதற்குத் துணை நிற்பதாக.